சைக்கிளில் சிவகாசி

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் எழுபத்தைந்து கிலோமீட்டர் சைக்கிளில் சுற்றிவரப் போகிறேன் என்றால், வீட்டார் தடுப்பதற்கு மூன்று காரணமாவது சொல்வார்கள். நம் வீட்டில் நான்காவதாக மழையும் சேர்ந்துகொண்டது. ஐப்பசியின் முதற் சனிக்கிழமை. கிழக்கே மேகம் நின்றது. "குடையையாவது கொண்டு போகக்கூடாதா?" என்றாள் இல்லத்தரசி. சைக்கிளின்மேல் குடை பிடிப்பது சர்க்கஸ்காரர் வித்தை என்று சமாதானம் சொல்லிவிட்டு, விடியுமுன் விருதுநகரை விட்டுப் புறப்பட்டோம். துணைக்கு ஒருவருமில்லை. 'நாம்' என்று எழுதுவது பத்திரிகை மரியாதையே அன்றி, மிதித்தவை இரண்டே கால்கள்தாம்.

விருதுபட்டி என்றிருந்த ஊர் விருதுநகர் ஆனது 1923-ல். அதே ஆண்டில்தான் பம்பாயிலிருந்து பார்ஸி இளைஞர் அறுவர் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றக் கிளம்பினர். அவருள் மூவர் 1928-ல் சுற்றை முடித்துத் திரும்பினர். சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கியதும் அதே 1923-ல்தான். இம்மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது சரித்திர ஆசிரியருக்குள்ள பழைய வியாதி, வாசகர்கள் மன்னிப்பார்களாக.

ஆமத்தூரைத் தாண்டும்போது மேகமெல்லாம் எங்கோ ஒளிந்துகொள்ள, வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது. இருபுறமும் கரிசல் நிலம், இடையிடையே சீமைக் கருவேல். அதன் முள்ளொன்று பின்சக்கரத்தைப் பதம் பார்த்தது. டியூபில் ஓட்டை எங்கேயென்று அறியத் தண்ணீர் வேண்டுமே! கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குட்டையும் இல்லை. குடிக்க வைத்திருந்த நீரைத் துளித்துளியாய் டியூபின்மேல் விட்டு, குமிழி வந்த இடத்தைக் கண்டு ஒட்டினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. இந்த வறட்சிதான் இவ்வட்டாரத்தின் தலையெழுத்து. மழையை நம்பி விதைத்தவர் ஏமாந்த பூமியில், ஈரமில்லாத காற்றையே மூலதனமாகக் கொண்டு தீக்குச்சியும் பட்டாசும் தழைத்தன.

திருத்தங்கல் குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாளைக் கீழிருந்தே வணங்கிவிட்டுச் சிவகாசி சேர்ந்தோம். 'குட்டி ஜப்பான்' என்று நேரு புகழ்ந்ததாக ஊரார் பெருமையுடன் சொல்வார்கள். தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தமையால் கடைதோறும் வெளியூர்க் கார்கள். சைக்கிளுக்கு வழிவிட ஒருவருக்கும் மனமில்லை. இட்டிலி உண்டு, சாத்தூர்ச் சாலையைப் பிடித்தோம்.

பட்டாசு ஆலை என்றால் புகைபோக்கியும் பெருங்கட்டடமும் இருக்கும் என்று எண்ணுவோர் ஏமாந்துபோவார்கள். வேப்பமரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும் சிறு சிறு அறைகள். ஓர் அறையில் நால்வருக்குமேல் இருக்கலாகாது என்பது விதி. ஓர் அறை போனாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்பதே இந்த இடைவெளியின் பொருள். சாலையிலிருந்து பார்க்கையில் ஏதோ ஆசிரமம்போல் அமைதியாயிருக்கிறது.

மேட்டமலையை நெருங்குகையில் எதிர்காற்று எழுந்தது. பத்து நிமிடத்தில் வானம் கறுத்து மின்னல் வெட்டியது. சாலையோரத் தேநீர்க் கடையின் தகரக் கூரைக்கடியில் சைக்கிளோடு நுழைந்தோம். சற்றைக்கெல்லாம் பக்கத்து ஆலையிலிருந்து பெண்கள் பதினைந்து பேர், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். விரல்களிலெல்லாம் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கு.

"ஸார், நீங்களா? தனியாவா வந்தீங்க?" என்றாள் ஒருத்தி. நம்மிடம் பத்தாம் வகுப்புவரை படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி.

"இடி இடிச்சா மருந்தைத் தொடக்கூடாது ஸார். எல்லாரையும் வெளியே அனுப்பிடுவாங்க. எண்ணிக்கைக்குத்தான் கூலி. இன்னிக்கு அரை நாள் போச்சு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவர் வெளியே கையை நீட்டி மழையை ஏந்திப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே பெய்யணும். மக்காச்சோளம் பிழைச்சுக்கும்" என்றார்.

"எங்க மாமா ஸார்" என்று சிரித்தாள் அவள். "அவருக்கு மழை வேணும். எனக்குத் தீபாவளி கழிச்சு வந்தாப் போதும். ஒரே வீட்டிலிருந்து ரெண்டு வேண்டுதல் போகுது."

நாமும் காலையிலிருந்து மழை வேண்டாமென்றே வேண்டிக்கொண்டு வந்தோம், சட்டை நனையுமே என்பதற்காக. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

கூலி போவதைவிடப் பெரிய பயம் வேறொன்று உண்டு என்றாள். மழை விட்டதும் விட்ட எண்ணிக்கையைப் பிடிக்கக் கை அவசரப்படும். மீந்த மருந்தில் ஈரம் ஏறியிருக்கும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் நீர் பட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளக் கூடும். நெருப்பை அணைக்கும் நீரே இங்கு நெருப்பை மூட்டுகிறது! 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டனர். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் அடக்கம். அன்று ஆசிரியர் தினம். நாம் பள்ளியில் மாணவர் தந்த ரோஜாப் பூக்களுடன் இருந்தபோதுதான் செய்தி வந்தது.

"பொண்ணு ரெண்டாங் கிளாஸ் ஸார். கணக்கு நல்லா வருது" என்றாள்.

குழந்தைகளை இத்தொழிலிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்ப 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றும் விதித்தது. இவள் குழந்தையாக ஆலைக்குப் போனவளல்லள். பத்தாவது முடித்து, சட்டம் சொன்ன வயது வரும்வரை வீட்டிலிருந்து, பிறகே போனாள். ஆகவே சட்டத்தின்மீது குற்றமில்லை. ஆனால் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாள் நமக்கு நினைவிருக்கிறது. 'மேலே எங்கே சேரப் போகிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வரிசை நீளமாயிருந்தது.

"எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?" என்று இப்போது கேட்டோம். சொன்னாள். "பத்தாவதுக்கு அப்புறம் என்னிடம் கூட்டிக்கொண்டு வா" என்றோம். "அதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கே ஸார்" என்று அவள் சிரித்ததற்கு நம்மிடம் பதிலில்லை.

மழை தூறலாயிற்று. மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று பெண்கள் ஆலை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாம் தீப்பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு (2021 டிசம்பரில் ஒரு ரூபாய் இரண்டானது) விடைபெற்றோம். சாலையோரம் ஒதுங்கியபோதெல்லாம் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சைக்கிளை நகரவொட்டாமற் செய்தது. காலையில் ஒரு சொட்டு நீர் தராத மண் இது!

சாத்தூரில் காராச்சேவு வாங்கினோம். அங்கிருந்து நெடுஞ்சாலையில் பின்காற்று உதவியது. லாரிகள் மட்டும் இருமுறை சேற்றாபிஷேகம் செய்தன. இருட்டி வெகுநேரம் கழித்து வீடு சேர்ந்தோம். மின்சாரமில்லை. சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை இல்லத்தரசியிடம் கொடுத்தோம். நனைந்த குச்சிகள் நான்கு தலை நசுங்கின, ஐந்தாவது பற்றியது.

மறுநாட் காலை மட்கார்டிலிருந்த கரிசலைக் கம்பியால் பெயர்த்தெடுத்தோம். கல்லாய் இறுகியிருந்தது. தலை நிமிர்ந்து சிவகாசித் திசையைப் பார்த்தோம். அங்கே வானம் வெளுத்திருந்தது.