புல்லட்டுக்குப் புது சைலன்சர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடிப்பதற்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் உள்ளது மாதிரி. எப்போதும் எதிர்ப்பக்கம். அப்படிப்பட்ட நான் போன தீபாவளி லீவில் எங்கள் வண்டிக்கு சைலன்சர் மாற்றினேன்.

வண்டி 2014 மாடல் கிளாசிக் 350. மாமா ஓட்டிவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தது. 346 சிசி, கார்புரேட்டர் வண்டி. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியின் சத்தம் சப்பென்றுதான் இருக்கும். சாயங்காலம் ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்த காசில் 1,800 ரூபாய் எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனேன். கடையில் கோல்ட் ஸ்டார், இந்தூரி, பஞ்சாப் என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். குட்டையாக ஒன்றை எடுத்தேன். பில் கேட்டதற்கு "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனிங்க" என்றார் கடைக்காரர். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு என்ட்ரி போட்டுச் சம்பாதித்த காசு... பேசாமல் வந்துவிட்டேன் :)

கம்பெனி சைலன்சரைத் தூக்கினால்தான் அதன் எடை தெரியும். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஓட்டை போட்ட குழாய்கள் வழியாகப் புகையைத் திருப்பித் திருப்பி விடுகிறார்கள். அந்தச் சுற்றலிலேயே சத்தம் அடங்கிவிடுகிறது. நான் வாங்கியதில் ஒரே நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. அவ்வளவுதான். ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் ஆகாயம் தெரிந்தது.

பெண்ட் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டு. துருவேறிக் கிடந்தது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் முறிந்து இன்ஜின் ஹெட்டிலேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் லேத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலையில் சமர்த்தாகக் கழன்றது. கிளாம்ப், பின்னால் இருக்கும் போல்ட் எல்லாம் அரை மணி நேர வேலை.

ஒரு தப்பு செய்தேன். பழைய கேஸ்கெட் வளையத்தையே திரும்பப் போட்டுவிட்டேன். முப்பது நாற்பது ரூபாய் சாமான்! ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு வெடித்தது. இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளேயே எரிகிறது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். புது வளையம் போட்டு, கார்புரேட்டரில் மெயின் ஜெட்டையும் ஒரு சைஸ் பெரிதாக்கினார். புகை லேசாக வெளியேறினால் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமாம். வண்டி மைலேஜ் குடித்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அந்த டப் டப் டப்... அடடா!

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வண்டி வந்த காலத்து விதிப்படி 175 சிசிக்கு மேல் 80 டெசிபல்தான் வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2), 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஜெயிலும் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். எல்லாம் தெரிந்துதான் மாட்டினேன்.

மாட்டிய இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் கேட் திறந்திருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூர் பக்கம் விசைத்தறியில் இருபத்தேழு வருஷம். தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான். தறிக் குடோனில் யார் அளந்தார்கள்? நாங்கள் பேசினால் பாதிதான் விழும். செல்போன் பக்கத்திலேயே அடித்தாலும் தெரியாது. தினமும் நான் வந்து கேட்டை உலுக்கி, அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து திறப்பதுதான் வழக்கம். அம்மாவுக்கோ காலை ஐந்து மணிக்கு வேலை.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"முக்குல திரும்பறப்பவே கேட்டுச்சே கண்ணு."

காது டாக்டர் எடுத்த படத்தை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு குழிக்குள் விழுந்திருந்தது. கீழ்ச்சுருதிகளில் ஓரளவு நன்றாகவே இருந்தது. இரைச்சலில் கெட்ட காதுகள் இப்படித்தானாம். ஐடிலிங்கில் ஆயிரம் ஆர்பிஎம் என்றால் புல்லட் நொடிக்கு எட்டுத் தடவை வெடிக்கிறது. அந்தக் கனத்த சத்தம் அப்பாவுக்கு எட்டுகிறது, ரிங்டோன் எட்டவில்லை.

மூன்று வாரம் தினமும் கேட் திறந்திருந்தது.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தம்பி, பாப்பா ஒன்பது மணிக்குத்தானுங்க கண்ணசருது. நீங்க வந்தீங்கன்னா மறுபடி பன்னண்டு ஆயிருது..." என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆறு மாசக் குழந்தை. தெரு முக்கிலேயே இன்ஜினை ஆஃப் செய்து தள்ளிக்கொண்டு வரலாமே என்று நினைத்தேன். ஆனால் அப்படி வந்தால் அப்பாவுக்கும் கேட்காது. அப்புறம் அந்த சைலன்சர் எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை பழையதையே மாட்டினேன். கேஸ்கெட் புதிது. ஜெட்டும் பழைய சைஸ்.

திங்கட்கிழமை ராத்திரி கேட் பூட்டியிருந்தது. ஹாரன் அடித்தால் குழந்தை எழுந்துவிடும். சுவர் ஏறிக் குதித்தேன். அப்பா கட்டிலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"இன்னும் சத்தத்தக் காணமேன்னு பாத்துட்டிருந்தேன். வண்டி எங்க?"

சைலன்சரை மாற்றிவிட்டதைக் கையைக் காட்டிச் சொன்னேன். "ஓ" என்றார்.

இப்போது என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. அப்பா ஒன்பது மணிக்கே வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், மழை நாள் தவிர. குட்டை சைலன்சர் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. கிளாஸ்மேட் ஒருவன் ஆயிரத்துக்குக் கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.