போன் விலை சொல்லும், பட்டாதான் கொண்டுபோகும்

புதுப் போன் வந்தா கெமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். ஆனா மாத்தளையில் எங்களுக்கு அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு பட்டாதான். 2005இல் இந்தியாவில் வந்த டாட்டா ஏஸ்தான் இங்க 'டிமோ பட்டா'. ரெண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். பெரிய லொறி திரும்ப முடியாத ஒடுக்கமான பாதையிலும் ஏறிடும்.

தம்புள்ளையில் இன்றைக்கு மரக்கறி என்ன விலை என்று போன் காலையிலேயே சொல்லிரும். ஆனா மூட்டையை ஏற்ற வாகனம் இல்லாதவர், வாசலுக்கு வரும் வியாபாரி கேட்கிற விலைக்குத்தான் கொடுக்கணும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதும் பழைய பட்டாவே கைக்கெட்டாத விலைக்குப் போயிற்று. அடுத்த போனுக்குக் கடன் எடுக்க முன்னாடி, நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டா வாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமே!