தலைப்பாகை இல்லாத பாரதியின் ஊர்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பேருந்தில் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம் வந்துவிடும். வழி நெடுகக் கரிசல் காடு. ஐப்பசியில் மழை விழுந்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பச்சை காட்டும். மற்ற மாதங்களில் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்ணும் உடைமரமும்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி பாரதி மணிமண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சிலையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே திருச்செந்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். நட்டம் அவர்களுக்குத்தான்.

முதலில் போகவேண்டியது மணிமண்டபத்துக்கு அல்ல, வீட்டுக்கு. 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த வீடு அது. தாய்வழிப் பாட்டனாரின் வீடு. இப்போது அரசு நினைவில்லம். சுவர்களில் புகைப்படங்கள், வாழ்க்கைக் குறிப்புகள், கையெழுத்துப் படிகள். பாரதி அருங்காட்சியகம் எங்கிருந்தாலும் இவை இருக்கும். சென்னைத் திருவல்லிக்கேணி இல்லத்திலும் புதுச்சேரி இல்லத்திலும் இதே முகத்தைத்தான் பார்ப்போம். ஆனால் முறுக்கு மீசையும் தலைப்பாகையும் காசிக்குப் போனபிறகு வந்தவை. எட்டயபுரத்து வீட்டில் நடமாடியவன் சுப்பையா என்ற பையன். ஐந்து வயதில் தாயை இழந்தவன். கணக்கும் இங்கிலீஷும் படித்து மகன் முன்னுக்கு வரவேண்டும் என்று நினைத்த சின்னசாமி ஐயரின் பிள்ளை. அந்தப் பையனை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால்தான் வீடு பேசும்.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனில் செல்வாக்கானவர். பருத்தி விளையும் பூமி என்பதால் இயந்திரம் வரவழைத்துப் பஞ்சாலை தொடங்கினார். தொழில் நொடித்தது, போட்ட பணம் போயிற்று. 1898இல் இறந்தும் போனார். வெள்ளைக்காரர்களின் சூதில் தந்தை பொருளிழந்ததைப் பாரதி தம் சுயசரிதைக் கவிதையான ‘கனவு’ நூலில் சொல்கிறார். பின்னாளில் சுதேசித் தொழில் பற்றி அவர் எழுதியதில் இருக்கும் சூட்டுக்கு வேர் இந்தக் கரிசல் மண்ணில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வ.உ.சி.யின் கப்பலுக்கு முன்பே, தன் வீட்டில் ஒரு சுதேசித் தொழில் மூழ்கியதைப் பார்த்தவர் அவர்.

‘பாரதி’ என்ற பட்டமும் இந்த ஊர் கொடுத்ததுதான். பதினோரு வயதில், அரண்மனைப் புலவர் சபையில் கிடைத்தது. ஆனால் அந்த அரண்மனைக்கும் அவருக்குமான உறவு பட்டத்தோடு முடியவில்லை. 1897இல், பதினான்கு வயதில், படிப்புக்கு உதவி கேட்டு ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். காசியிலிருந்து திரும்பியபின் சமஸ்தானத்தில் கொஞ்சகாலம் வேலை பார்த்தார். ராஜாவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவதும் அதில் ஒன்று. அது சரிப்படவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். சில மாதங்களில் அங்கிருந்து சென்னைக்கு, சுதேசமித்திரன் பத்திரிகைக்கு. பின்னர் ‘சின்னச் சங்கரன் கதை’யில் கவுண்டனூர் ஜமீன் என்று பெயர் மாற்றி, ஒரு சமஸ்தானத்தின் சோம்பலையும் வெற்றுப் புலமையையும் அவர் கிழித்துப் போட்டிருக்கிறார். கதை முற்றுப்பெறவில்லை. கிடைத்த பகுதிகளைப் படித்தாலே சிரிப்பை அடக்க முடியாது.

அவ்வளவு கிண்டல் செய்தவர் 1919இல், புதுவையை விட்டு வந்து கடையத்தில் வறுமையோடு இருந்தபோது, அதே எட்டயபுரத்து அரசருக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். பலன் இல்லை. அந்த வருடமே இன்னொரு கடிதத்தில், எட்டயபுரம் அரச வம்ச வரலாறான ‘வம்சமணி தீபிகை’யைப் பிழை நீக்கி நல்ல தமிழில் எழுதித் தருவதாகவும் கேட்டுப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. பதினான்கு வயதிலும் முப்பத்தாறு வயதிலும் ஒரே வாசலில் நின்று கேட்டிருக்கிறார் என்பதை, மணிமண்டபத்துச் சிலையை அண்ணாந்து பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

அந்த மணிமண்டபம் பத்திரிகை வாசகர்களின் பணத்தில் எழுந்தது. கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். சுதந்திரம் வந்து இரண்டே மாதம் கழித்து, 1947 அக்டோபரில், அவரே திறந்து வைத்தார். அப்போது அவர் மேற்கு வங்க ஆளுநர். அரண்மனை கைவிட்ட கவிஞனுக்குப் பத்திரிகை வாசகர்கள் கட்டிய மண்டபம். பத்திரிகையை நம்பிச் சென்னைக்குப் போனவருக்கு இது பொருத்தம்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அரண்மனையைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஏற்கெனவே கட்டபொம்மன் கதையில் இந்த அரண்மனையின் எட்டப்பன் பெயர் வசைச்சொல்லாகி, ஊர் மக்கள் இன்றுவரை வெளியூரில் கேலி கேட்கிறார்கள். ஆனால் ஊருக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் கணக்கு மாறும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த கடிகைமுத்துப் புலவர் இந்தச் சமஸ்தானத்துப் புலவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் தீபாவளியன்று காலமானதும் எட்டயபுரத்தில்தான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கே ஆஸ்தான வித்துவான். காய்ந்து கிடந்த இந்தப் பூமியைப் பார்த்து தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. நம்புகிறோமோ இல்லையோ, ஆனி மாதத்தில் இந்தச் சாலையில் வந்தவர்களுக்கு அந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரியும். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ இந்தச் சமஸ்தானத்து அச்சகத்தில் 1904இல் அச்சாயிற்று. கர்நாடக இசையின் ஆதார நூல்களில் முதல் வரிசை அது. பாரதி ஊரைவிட்டுப் போனதும் அதே 1904.

ஆக, இந்த அரண்மனைக்குப் பழைய கலையை மதிக்கத் தெரிந்தது. புதிய கவிஞனை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இதுதான் என் கட்சி.

பாரதியை ஆராய்கிறவர்கள் ஊரில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ‘பாரதி: காலமும் கருத்தும்’ எழுதி 1983இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொ.மு.சி. ரகுநாதன், தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை எட்டயபுரத்துக்குத் தந்தார். அவற்றைக் கொண்டு இங்கே ஒரு நூலகம் அமைந்தது. இளசை என்ற ஊரின் பழம்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட இளசை மணியன் அதைக் கட்டிக் காத்தார். சிலையைவிட இது பெரிய நினைவுச்சின்னம் என்பேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள், நண்பகல் வெயில் பொறுக்காது. பழைய வீடு என்பதால் பராமரிப்புக்காக மூடியிருக்கும் நாளும் வரலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிறந்தநாளான டிசம்பர் 11, நினைவுநாளான செப்டம்பர் 11 ஆகிய நாள்களில் விழாக் கூட்டம் இருக்கும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் பாருங்கள். பேருந்தில் படிக்க ‘கனவு’ போதும், திரும்பும்போது ‘சின்னச் சங்கரன் கதை’. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களை முதலில் வீட்டுக்குள் விடுங்கள், மணிமண்டபம் பிறகு.