பதக்கத்துக்கு மட்டும் மாமா

என் மருமகனின் குத்துச்சண்டையை நிறுத்தியது நான்தான். காயம் வந்து விட்டுவிட்டான் என்று ஊரில் சொல்லி வருகிறேன். அது பொய்.

கொழும்பில் பாடசாலைப் போட்டி. முதற் சண்டையிலேயே புள்ளியில் தோற்றான். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்பும்போது இடது கண் வீங்கிப்போய் யன்னலோரம் இருந்தான். கால் நீட்ட இடம் வேணும் என்று சாட்டுச் சொல்லி நான் முன் சீற்றுக்குப் போய்விட்டேன். பதக்கத்தோடு வந்திருந்தால் றைவர் தொடக்கம் கொண்டக்டர் வரை அவனைக் காட்டியிருப்பேன். விடியக் கொக்குவிலில் இறங்கினதும், "படிப்பைப் பார் தம்பி. பள்ளிக்கூட மட்டத்திலையே வெல்லேலாதவனுக்கு உது சரிவராது" என்றேன். "ஓம் மாமா" என்றான். அதோடு சரி. கைக்குச் சுற்றும் நீளத் துணியைத் தோய்த்துக் கொடியில் போட்டான். பிறகு அக்கா அதைக் கிழித்துப் பயற்றங்கொடிக்குப் பந்தல் கட்டினா.

தெரியாமல் சொன்னேன் என்றால் மன்னிக்கலாம். குத்துச்சண்டைக் கதையென்றால் ஒழுங்கையில் என்னைத்தான் கேட்பார்கள். 1984 ஒலிம்பிக் தெரிவில் மைக் டைசன் ஹென்றி டில்மனிடம் இரண்டு தரம் தோற்றதும், டில்மன் தங்கம் எடுத்ததும், 1986இல் 20 வயதில் உலக சாம்பியனானது டைசன்தான் என்பதும், 1990இல் அதே டில்மனை முதல் ரவுண்டிலேயே விழுத்தியதும் எனக்கு மனப்பாடம். சிட்னியில் 2000இல் தங்கம் எடுத்த ஓட்லி ஹரிசன் கடைசிவரை பெரிய உலகப் பட்டம் காணவில்லை.

அமெச்சூரில் மூன்று ரவுண்ட். தொட்டுவிட்டு விலகத் தெரிந்தவன் வெல்லலாம். தொழில்முறையில் 12 ரவுண்ட் வரை போகும். அடி வாங்கிக்கொண்டு நிற்கிற உடம்பு வேணும். இரண்டு ஒலிம்பிக் தங்கத்தோடு போன லோமசென்கோவே 2014இல் தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையில் சலிடோவிடம் தோற்றார். அதற்காகப் பதக்கம் வீண் என்று சொல்லமாட்டேன். அலியும் 1960இல் ரோமில் தங்கம் எடுத்துவிட்டுத்தான் போனார். பதக்கம் இருந்தால் புரமோட்டர் தேடி வருவான், முதலில் சுகமான எதிராளியாகப் பார்த்துப் பொருத்துவான். பெய்ஜிங்கில் வெண்கலம் எடுத்த விஜேந்தர் சிங் 2015இல் தொழில்முறைக்குப் போய்த் தொடர்ந்து 12 சண்டை வென்றார். 2021இல் கோவாவில் முதல் தோல்வி. பெரிய உலகப் பட்டச் சண்டை அவருக்கு வாய்க்கவில்லை.

இலங்கையில் அப்படியான புரமோட்டருக்கு எங்கே போவது? நல்லாய்க் குத்துகிறவனுக்கு ஆமி, நேவி, பொலிஸ் அணிகள்தான் சோறு போடும். எங்கள் பொடியன் அந்தப் படலையைத் திறப்பானா, அக்காதான் விடுவாவா? இதைக் காரணமாகச் சொல்லியிருந்தாலும் நேர்மை. என் காரணம் அன்றைக்குப் பஸ்ஸுக்குள் இருந்த தெரிந்த முகங்கள்.

இப்போது கேட்டாலும் "மாமா சொன்னது சரிதான்" என்கிறான். எனக்கு வசதி என்பதால் மறுத்ததில்லை. போன மாதம் பக்கத்து ஒழுங்கைப் பொடியன் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தபோது, மாலையும் வாங்கிக்கொண்டு ஸ்ரேசனுக்கு முதல் ஆளாய்ப் போனது நான். போட்டோவிலும் நடுவில் நிற்கிறேன்.