சொல் நிற்கும் இடம்

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளியில் மலாய் கற்கிறார்கள். சொற்களை மனனம் செய்வது அவர்களுக்குக் கடினமில்லை. அவற்றை வரிசைப்படுத்தும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

‘சாயா’ என்றால் நான் அல்லது என். ‘புக்கு’ என்றால் புத்தகம். ‘என் புத்தகம்’ என்று தமிழில் நினைக்கும் சிறுவன், அதே வரிசையில் ‘சாயா புக்கு’ என்கிறான். கேட்பவர் காதில் அது ‘நான் புத்தகம்’ என்று விழுகிறது! ‘புக்கு சாயா’ என்பதே சரி. ‘பெரிய வீடு’ என்பதும் அப்படித்தான். மலாயில் வீட்டைக் குறிக்கும் சொல் முதலில் வந்து, ‘ரூமா பெசார்’ ஆகிறது.

தமிழில் ‘பூனை எலியைப் பிடித்தது’ என்றாலும் ‘எலியைப் பூனை பிடித்தது’ என்றாலும் பொருள் ஒன்றே. பிடிபட்டது எது என்பதை ‘ஐ’ உருபு காட்டிவிடுகிறது. மலாய்ப் பெயர்ச்சொற்கள் அத்தகைய உருபை ஏற்பதில்லை. ‘கூச்சிங் மெனாங்காப் தீக்குஸ்’ என்னும் வாக்கியத்தில் முதலில் நிற்பதால்தான் பூனை பிடிக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால், எலி பூனையைப் பிடித்துவிடும்.

இத்தகைய பிழையைக் கண்டு சிரித்தால், பிள்ளை பேசவே அஞ்சும். இரு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால் போதும். எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதை அப்பிள்ளையே கண்டுகொள்ளும். தாய்மொழியின் அமைப்பை அறிந்தவருக்கு, மற்றொரு மொழி எங்கே வேறுபடுகிறது என்பது விரைவில் புலப்படும்.