ஏண்டா காவாலி!

ஆடிட் வேலையாக ராஜமுந்திரி போனவன், ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பானேன் என்று கடியத்துக்கு பஸ் ஏறினேன்.

இறங்கினால், திரும்பின பக்கமெல்லாம் நர்சரி! வீட்டு வாசலில் நர்சரி, வாய்க்கால் கரையில் நர்சரி. ஆர்தர் காட்டன் துரை தவளேஸ்வரத்தில் அணை கட்டி 1852-ல் முடித்தாரே, அந்த கோதாவரித் தண்ணீரும் வண்டலும் செய்கிற வேலை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு குரோட்டன்ஸ். ஊர் வீட்டை விற்று, அம்மாவை மெட்ராஸில் மூன்றாவது மாடிக்குக் கூட்டி வந்து எட்டு மாசமாச்சு. வாசலில் இருந்த பச்சை-மஞ்சள் குரோட்டன்ஸை மட்டும்தான் கேட்டாள். "லாரியில இடமில்லம்மா"ன்னுட்டேன்.

இடம் இருந்தது.

ரிப்பன் மாதிரி இலை, திருகாணி மாதிரி முறுக்கின இலை, ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு... அத்தனையும் தாண்டி ஒரு மூலையில் அது! கரும்பச்சையில் யாரோ மஞ்சள் பெயின்ட்டை உதறின மாதிரி. "நிழல்ல வைக்கலாமா?" என்று ஜாடையில் கேட்டேன். நர்சரிப் பெரியவர் தலையை ஆட்டி, "எண்ட காவாலி!" என்றார்.

என் காதில் "ஏண்டா காவாலி!" என்றுதான் விழுந்தது. செடி வாங்க வந்தவனைத் திட்டுவானேன்? முறைத்தேன். அவர் சூரியனைக் காட்டினார். தெலுங்கில் 'எண்ட' வெயிலாம்; 'காவாலி' வேணுமாம். நிழலில் வைத்தால் மஞ்சள் மங்கிப் பச்சை ஏறிவிடும். அப்புறம் விரல்களைச் சொடுக்கி இலை உதிர்வதுபோல் காட்டி, பயப்படாதே என்று கையமர்த்தினார். அது அப்போது புரியவில்லை.

மெட்ராஸ் மெயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இடம் மாறினால் குரோட்டன்ஸுக்குக் கோபம் வரும்போல. நாலே நாளில் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"குச்சி வாங்கவா அம்புட்டு தூரம் போனே?" என்றாள் அம்மா. நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை. "உசிரு இருக்கு." தொட்டியைக் காலை வெயில் விழும் ஓரத்துக்கு நகர்த்தினாள். தண்ணீரும் அளவாகத்தான், மேல்மண் காய்ந்த பிறகு.

மூணாவது வாரம் நுனியில் இரண்டு இலை. ஒன்றில் மிளகு அளவு மஞ்சள்.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "லாரியில இடமிருந்துச்சு, இல்லே?"