பூசப் பந்தலின் கிரைண்டர்

2025 ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. சத்திரப்பட்டி அருகே சாலையோரம் அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். "கிரைண்டர் லேசாப் பிடிக்குதுங்கண்ணா. செருப்புப் போட்டா ஒண்ணும் தெரியல" என்றார் சமையல்காரர். இந்த 'லேசா' எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பாதிப்பேர் வெறுங்காலோடு வருவார்கள்; கை கழுவிய ஈரத்தோடு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டதாம். எவ்வளவு கசிகிறது என்று டெஸ்டர் சொல்லாது. அது எரியவில்லை என்பதற்காகக் கரண்ட் இல்லை என்றும் நம்பக்கூடாது. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 30

காலையில் இன்சுலேஷன் அளக்கும் மெக்கரோடு போனேன். கசிவைப் பார்க்கக் கரண்ட் கொடுக்கவே வேண்டியதில்லை. பிளக் வெளியே, கிரைண்டரின் சுவிட்ச் மட்டும் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டாருக்குள் சோதனை போகாது. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தேன். ஃபேஸ், நியூட்ரல் பின்களைச் சேர்த்து ஒரு வயர். பெயின்ட் இல்லாத உலோகத்தில் இன்னொன்று. யாரும் தொடாமல் தள்ளி நிற்கச் சொல்லி 500 வோல்ட் கொடுத்தேன்.

0.02 மெகா ஓம். குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டிய இடம். 230 வோல்ட்டை 20,000 ஓமால் வகுத்தால் 11.5 மில்லி ஆம்பியர். கிட்டத்தட்ட 10 மில்லி ஆம்பியரிலேயே கை இறுகிப்போய், பிடித்ததை விட முடியாமல் போகலாம். மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின் போட்டிருந்தார்கள். எர்த் வயர் உள்ளே சுருண்டு கிடந்தது. கோபம் வந்தது.

பிப்ரவரி 1

மோட்டாரைக் கழற்றி வெயிலில் காய வைத்ததில் 4 மெகா ஓம் காட்டியது. மாவாட்டித் தண்ணீர் பட்டதும் மறுபடி இறங்கிவிட்டது. ஆயில் சீல் போயிருக்கிறது. காய்ந்தபோது மட்டும் அளந்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று கொடுத்திருந்தால் பந்தலில் யார் கையோ மாட்டியிருக்கும்.

"டிரிப் ஆகலையேண்ணா, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டார் பந்தல்காரர். கசிவைக் கண்டால் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தாலும் 11.5-க்கு டிரிப் ஆகாது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தாலும் அதற்குத் தெரியாது. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்துவிடுகிறதே. ஆனாலும் அது கட்டாயம் வேண்டும். எர்த் சரியாக இருந்து, ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் பெரிய கசிவில் உயிர் தப்பும்.

பிப்ரவரி 3

புது சீல், மூன்று பின் பிளக். ஈரத்தோடு அளந்தபோதும் 3 மெகா ஓமுக்குக் கீழே இறங்கவில்லை. போர்டில் ஆர்.சி.சி.பி. மாட்டி டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினேன். சீரியல் செட்டுகளை இரும்புக் குழாயிலிருந்து அவிழ்த்து மூங்கிலில் கட்டச் சொன்னேன்.

தோரண வளைவு மட்டும் மேலே போகும் மின்கம்பிக்கு அருகில் இருந்தது. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அங்கே எந்த ஆர்.சி.சி.பி.யும் உதவாது, விலகி நிற்பதுதான் வழி. வளைவை எதிர்ப்பக்கம் மாற்றினார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

பிப்ரவரி 5

பழனியில் தைப்பூசக் கொடியேற்றம். பந்தலில் இரவு முழுக்கக் கூட்டம். டெஸ்ட் பட்டனைத் தினமும் காலையில் ஒருமுறை அழுத்த சமையல்காரர் ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12

நேற்றுத் தேரோட்டம் முடிந்தது. பிரித்துக் கட்டும்போதும் முதலில் மெயினை ஆஃப் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், மறுபடி பந்தல். அதற்குள் பந்தலின் இரண்டு தண்ணீர் மோட்டார்களையும் அளக்க வேண்டும்.